மடங்கும் முழங்கால்

2011 அக்டோபர் 19. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பராவில் மகாராணி இரண்டாம் எலிசபெத் விமானத்திலிருந்து இறங்குகிறார். வரவேற்க நின்றவர்களில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருவர் அந்நாட்டின் முதல் பெண் கவர்னர் ஜெனரல் குவென்டின் பிரைஸ். மற்றவர் முதல் பெண் பிரதமர் ஜூலியா கில்லார்ட். பிரைஸ் ஒரு காலைப் பின்னால் வைத்து, முழங்கால்களை மடக்கி, மரபுப்படி வணங்கினார். கில்லார்ட் கைகொடுத்துத் தலையைச் சற்றே தாழ்த்தினார். அன்றைய வரவேற்பில் மகாராணி என்ன பேசினார் என்பதெல்லாம் பின்னுக்குப் போய்விட்டது. பிரதமர் ஏன் முழங்காலை மடக்கவில்லை என்பதே செய்தியானது. எது தமக்கு ஏற்றதோ அதைச் செய்யலாம் என்றுதான் தமக்குச் சொல்லப்பட்டிருந்தது என்று கில்லார்ட் விளக்கம் தர வேண்டியிருந்தது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2016 ஜூலையில், தெரசா மே பிரிட்டிஷ் பிரதமராகப் பதவியேற்க பக்கிங்ஹாம் அரண்மனைக்குப் போனார். அவர் மடக்கினார், மிக ஆழமாகவே மடக்கினார். அந்தப் புகைப்படமும், பின்னாளில் அவர் செய்த அதே போன்ற வணக்கங்களின் படங்களும் இணையத்தில் கேலிக்கு ஆளாயின. குனியாத பெண்ணுக்குக் கண்டனம், நன்றாகக் குனிந்த பெண்ணுக்கு நகைப்பு. இதே அரண்மனைக்குள் போய் வந்த ஆண் பிரதமர்கள் எத்தனை அங்குலம் தலைதாழ்த்தினார்கள் என்பதை யாரும் அளந்து பார்த்ததில்லை. ‘கர்ட்சி’ என்ற இந்த வழக்கத்தை மதிப்பிட வருபவர்கள் இந்த ஏற்றத்தாழ்வைத் தாண்டிப் போக முடியாது.

செய்முறை எளிது. ஒரு பாதத்தை மற்றதன் குதிகாலுக்குப் பின்னால் கொண்டுபோய், முதுகை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, இரு முழங்கால்களையும் லேசாக வளைத்து எழ வேண்டும். இரண்டு நொடி வேலை. தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்வதெல்லாம் மேடை நடிகைக்கு உரியது. ஆண்கள் கழுத்திலிருந்து தலையை மட்டும் தாழ்த்தினால் போதும். அதற்குமேல் எதுவும் கட்டாயமில்லை. அரச குடும்பத்தின் அதிகாரபூர்வ இணையதளமே, கட்டாயமான நடத்தை விதிகள் எவையும் இல்லை; மரபைப் பின்பற்ற விரும்புவோர் பின்பற்றலாம், மற்றவர்கள் வழக்கம்போலக் கைகுலுக்கலாம் என்று சொல்லி வந்திருக்கிறது.

இந்த வழக்கம் எப்போதும் விருப்பத்தைக் கேட்டுக்கொண்டு வந்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கிராமங்களில் அரச குடும்பத்தைக் கண்ணால் கண்டிராத பெண்கள்கூட முழங்காலை மடக்கிக்கொண்டுதான் இருந்தார்கள். 1826-இல் வார்விக்‌ஷயரின் பார்ஃபர்ட் கிராமத்தில் பிறந்து, 1872-இல் விவசாயத் தொழிலாளர்களுக்கான தேசிய சங்கத்தை உருவாக்கி, பிறகு நாடாளுமன்றம் வரை போன ஜோசஃப் ஆர்ச் தம் வாழ்க்கை வரலாற்றில் சிறுவயதுக் காட்சி ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். பாதிரியாரின் மனைவி தேவாலயத்தின் முன்பகுதியில் அமர்ந்திருப்பார். ஏழைப் பெண்கள் ஒவ்வொருவராக நடந்து போய் அவருக்கு முழங்கால் மடக்கி வணங்கிவிட்டுத்தான் தங்களுக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் உட்கார வேண்டும். கடவுளின் வீட்டிலும் யார் மேல், யார் கீழ் என்பது வாரந்தோறும் உடலால் ஒப்பிக்கப்பட்டது. கூலிக்கும் வீட்டுக்கும் மேட்டிமையாளர்களை நம்பியிருந்த குடும்பத்துப் பெண் மடக்க மாட்டேன் என்று நிற்க வழியில்லை. அரண்மனைப் படங்களில் நாம் காணும் நளினத்துக்குப் பின்னால் இந்தத் தேவாலய வரிசையும் இருக்கிறது.

மேல்தட்டில் அதற்கு வேறு பயன் இருந்தது. செல்வக் குடும்பத்துப் பெண்கள் திருமண வயதை எட்டியதும் அரசவையில் அறிமுகப்படுத்தப்படுவார்கள். தலையில் இறகு, தரையில் நீளும் ஆடைத்தொங்கல், அரசருக்கும் அரசிக்கும் ஆளுக்கொரு வணக்கம். அதற்கென்றே லண்டனில் மேடம் வகானி நடத்திய நடனப் பள்ளியில் பயிற்சி பெற்றார்கள். ஏற்கெனவே அறிமுகமான ஒரு பெண் முன்மொழிந்தால்தான் இன்னொரு பெண் உள்ளே போக முடியும். ஆக, அந்த இரண்டு நொடி வணக்கம் ஒரு நுழைவுச் சீட்டு. நல்ல இடத்தில் திருமணம் முடிய அது உதவியது. 1958 மார்ச்சில் மூன்று நாட்களில் சுமார் 1,400 பெண்கள் இளம் மகாராணியின் முன் வந்து வணங்கிச் சென்றதோடு அந்தச் சடங்கு நின்றது. முடிவை முந்தைய ஆண்டே அரண்மனை அறிவித்துவிட்டது. குயின் ஷார்லட்டின் நடன விருந்தில் பெண்கள் ஒரு பெரிய கேக்கின் முன் வரிசையாக முழங்கால் மடக்கும் வழக்கம் மட்டும் பிறகும் தொடர்ந்தது. வணங்கப்படுபவர் இல்லாமலே வணக்கம் நடந்தேறியது. அந்தப் பெண்களுக்குத் தேவைப்பட்டது அரசி அல்ல, அந்த வரிசையில் ஓர் இடம்.

பேரரசு தன் ஆட்சிக்குட்பட்டவர்களிடம் இதே அசைவை எவ்வளவு கறாராகக் கேட்டது என்பதற்கு இந்தியாவே சாட்சி. 1911 டிசம்பர் 12-ஆம் தேதி டெல்லி தர்பாரில் சமஸ்தான மன்னர்கள் ஒவ்வொருவராக ஐந்தாம் ஜார்ஜின் முன் வந்து வணங்கி, முதுகைக் காட்டாமல் பின்னோக்கி நடந்து விலக வேண்டும் என்று வகுத்திருந்தார்கள். பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட் சுருக்கமாக ஒருமுறை தலைதாழ்த்திவிட்டுத் திரும்பி நடந்தார். லண்டன் பத்திரிகைகள் கொதித்தன. தர்பாரின் படச்சுருள்கள் இங்கிலாந்துத் திரையரங்குகளில் ஓடின. அவர் வைஸ்ராய் ஹார்டிங்குக்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுத நேர்ந்தது. 1906-இல் தம் சமஸ்தானம் முழுவதும் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கியவர் அவர். தர்பாருக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1913-இல், அம்பேத்கரை நியூயார்க்கில் படிக்க அனுப்பிய உதவித்தொகையும் அவருடையதுதான். அப்படிப்பட்ட ஓர் ஆட்சியாளரைப் பேரரசு எடை போட்டது அவர் முதுகு எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதை வைத்து.

இவ்வளவு சுமையோடு வந்த ஒரு வழக்கத்தில் நல்லது எதுவும் மிஞ்சியிருக்கிறதா? இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளாத விமர்சனம் அரைகுறையானது. பெரிய மனிதரைச் சந்திக்கும்போது கையை எங்கே வைப்பது, என்ன பேசுவது என்று தெரியாமல் நிற்பவருக்கு, முன்பே வகுக்கப்பட்ட ஒரு சிறு அசைவு கைகொடுக்கிறது. மருத்துவமனைத் தாதியும் மந்திரியும் அரசரின் முன் அதே இரண்டு நொடியைத்தான் பெறுகிறார்கள். சொல்லால் சொல்ல முடியாததைச் சில தருணங்களில் அது சொல்லிவிடவும் செய்கிறது. 2022 செப்டம்பர் 11 அன்று எலிசபெத்தின் சவப்பெட்டி எடின்பரோவின் ஹோலிரூட் அரண்மனைக்குள் கொண்டுசெல்லப்பட்டபோது, பால்மோரலிலிருந்து உடன் வந்த இளவரசி ஆன் அதற்கு முழங்கால் மடக்கினார். ஆட்சியாளருக்குக் குடிமகள் செலுத்திய கடைசி மரியாதையும் தாய்க்கு மகள் செலுத்தியதும் அங்கே ஒன்றாகக் கலந்திருந்தன. அவரை யாரும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் அந்தக் காட்சிக்கு அந்தக் கனம் வந்திருக்காது.

யாருக்கும் வணங்கத் தேவையில்லாதவர் வணங்கும்போதுதான் இதன் ஆற்றல் முழுதாகத் தெரிகிறது. 1997 செப்டம்பர் 6 அன்று டயானாவின் சவ ஊர்வலம் பக்கிங்ஹாம் அரண்மனையைக் கடந்தபோது வாயிலில் நின்றிருந்த எலிசபெத் தலைதாழ்த்தினார். அரண்மனையின் மௌனத்தைக் கண்டு கோபத்தில் இருந்த மக்கள் அதை உடனே புரிந்துகொண்டார்கள். ஒரு மாதம் கழித்து, அக்டோபரில், அமிர்தசரஸின் ஜாலியன்வாலா பாகில் மலர்வளையம் வைத்து அவர் தலைகுனிந்தார். 2011 மே மாதம் டப்ளினில், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து மாண்ட ஐரிஷ் போராளிகளின் நினைவுப் பூங்காவிலும் அப்படியே செய்தார்.

கடைசி இரண்டையும் ஒப்பிடுவது அவசியம். டப்ளினில் அந்தத் தலைகுனிவுக்கு அடுத்த நாளே, டப்ளின் கோட்டை விருந்தில், ஐரிஷ் மொழியில் தொடங்கி, இரு நாடுகளின் கசப்பான கடந்தகாலத்தை நேரடியாகத் தொட்டுப் பேசினார். உடல் சொன்னதை வாயும் சொன்னது. அயர்லாந்து அதை ஏற்றுக்கொண்டது. அமிர்தசரஸில் மன்னிப்பு வரவில்லை. அதனால் அந்தத் தலைகுனிவு பாதியில் நின்றுபோனதாகவே பல இந்தியர்களுக்குத் தோன்றியது. தோன்றியதில் தவறில்லை. வணக்கம் எத்தனை உண்மையாக இருந்தாலும் அது பொறுப்பேற்பதற்கு ஈடாகாது. சுடப்பட்டு வீழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கேட்டது ஒரு வாக்கியத்தை.

இனி குறைகளுக்கு வரலாம். கர்ட்சியை ஆதரிப்பவர்களின் மிக வலுவான வாதம், அது தனிமனிதருக்கு அல்ல, மகுடத்துக்குச் செய்யப்படுவது என்பதுதான். நாட்டின் கொடிக்கு எழுந்து நிற்பதைப் போல, அரசு என்ற நிறுவனத்துக்கான மரியாதை. ஆட்சியிலிருக்கும் அரசர், அரசி அளவில் அந்த வாதம் நிற்கும். ஆனால் 2018 ஆகஸ்டில், முதல் உலகப் போரின் அமியேன் சண்டையின் நூற்றாண்டு நினைவுக்காகப் பிரான்ஸ் சென்ற தெரசா மே இளவரசர் வில்லியமுக்கும் ஆழமாக முழங்கால் மடக்கினார். வில்லியம் அப்போது அரசரல்ல. அவர் பிறந்த இடம்தான் அந்த மரியாதையைப் பெற்றுத் தந்தது. நாட்டை ஆளத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், நாளை அரசராகப் போகும் ஓர் இளைஞருக்கு வளைந்தார். நிறுவனத்துக்கான மரியாதை என்ற விளக்கம் இங்கே உடைகிறது. எஞ்சுவது பிறப்பு ஒன்றே. பிறப்பால் வரும் உயர்வை நியாயமில்லை என்று பேசிப் பேசி வளர்ந்த சமூகங்களைச் சேர்ந்தவர்கள் இதைக் கடந்து போவது கடினம்.

அரச குடும்பத்துக்குள்ளேயே இது இன்னும் கடுமையாகிறது. 2012-இல் முன்னுரிமை வரிசை புதுப்பிக்கப்பட்டதாகவும், கணவர் உடன் இல்லாத நேரத்தில் கேட் மிடில்டன் இளவரசிகள் பியாட்ரிஸுக்கும் யூஜினிக்கும் முழங்கால் மடக்க வேண்டும் என்றும் பிரிட்டிஷ் செய்தித்தாள்கள் எழுதின. கணவர் அருகில் நின்றால் ஒரு தகுதி, நகர்ந்தால் வேறு தகுதி! மேகன் மார்க்கல் 2021-இல் ஓப்ரா வின்ஃப்ரேயிடம் சொன்னது, காதலரின் பாட்டியான மகாராணியைச் சந்திக்கும் வழியில்தான் தாம் வணங்க வேண்டும் என்றே தெரியவந்தது என்பதுதான். வீட்டுவாசலில் அவசரமாகக் கற்றுக்கொண்டார். 2022 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் தொடரில் அவர் அதை நடித்துக் காட்டியபோது மரபை அவமதித்துவிட்டார் என்று குரல்கள் எழுந்தன. அவர் மிகையாகத்தான் நடித்தார். ஆனாலும், வீட்டுக்குள் நடக்கும் சந்திப்புக்கும் இந்த விதி ஏன் என்று அவர் எழுப்பிய கேள்விக்கு அந்தக் குரல்கள் பதில் தரவில்லை.

பெண் முழங்காலை மடக்க வேண்டும், ஆண் தலையை அசைத்தால் போதும் என்ற பிரிவினைக்கு இன்று எந்த நியாயமும் இல்லை. இடைக்கால ஐரோப்பாவில் ஆண்களும் முழங்காலை மடக்கித்தான் வணங்கினார்கள். பிறகு அந்தப் பாரம் பெண்களோடு தங்கிவிட்டது. இதை மாற்ற முடியும் என்பதற்கும் ஆன் தான் உதாரணம். தாயின் இறுதி ஊர்வலத்தில் கடற்படைச் சீருடையில் நடந்தபோது அவர் சகோதரர் சார்லஸோடு சேர்ந்து செனடாஃப் நினைவுச்சின்னத்துக்கு சல்யூட் வைத்தார். சீருடை அணிந்ததும் ஆண் வணக்கம், பெண் வணக்கம் என்ற வேறுபாடு மறைந்துபோகிறது. யாருடைய மரியாதையும் குறைந்துவிடவில்லை.

கட்டாயமில்லை என்று அரண்மனை எழுதி வைத்திருப்பது போதும் என்பார்கள். தாய்லாந்தின் அனுபவம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தரையில் விழுந்து வணங்கும் வழக்கம் ஒடுக்குமுறை என்று அறிவித்து 1873-இலேயே அரசர் சுலாலங்கோர்ன் அதை ரத்து செய்தார். அது இருபதாம் நூற்றாண்டில் திரும்ப வந்தது. அரசரை அவமதித்தால் 3 முதல் 15 ஆண்டு சிறை என்ற சட்டம் இருக்கும் நாட்டில், வணங்க மறுப்பவரின் விருப்பம் எவ்வளவு சுதந்திரமானது? பிரிட்டனில் அப்படிச் சிறை இல்லை. ஆனால் மறுத்த பெண்ணை ஒரு வாரம் முதல் பக்கத்தில் நிறுத்தி வைக்கும் பத்திரிகைகள் இருக்கின்றன. சட்டம் விட்டுக்கொடுத்ததை அவை வசூலிக்கின்றன.

மாற்றம் கடினமானதும் அல்ல. விம்பிள்டன் மையத் திடலில் அரச மாடத்தை நோக்கி வீரர்கள் வணங்கும் வழக்கத்தை 2003-இல் நிறுத்தியவர் கென்ட் கோமகன். அப்போது விம்பிள்டன் கழகத்தின் தலைவராக இருந்த அவரே அரச குடும்பத்தவர். மகாராணியோ வேல்ஸ் இளவரசரோ வந்தால் மட்டும் வணக்கம் என்று விதி சுருங்கியது. 2010-இல் எலிசபெத் வந்தபோது ஆண்டி முர்ரேயும் யார்க்கோ நீமினெனும் மாடத்தை நோக்கித் தலைதாழ்த்தினார்கள். அரிதானதால் அது ரசிக்கவும்பட்டது. 2023 மே 6-ஆம் தேதி மூன்றாம் சார்லஸின் முடிசூட்டு விழாவில், 1953-இல் பிரபுக்கள் வரிசையாக மண்டியிட்டுச் செலுத்திய விசுவாசம் கைவிடப்பட்டது. அரச குடும்பத்திலிருந்து வில்லியம் மட்டும் மண்டியிட்டார். பிரபுக்களின் வரிசைக்குப் பதில் மக்கள் எல்லோரும் வீட்டிலிருந்தபடி விசுவாசப் பிரமாணம் சொல்லலாம் என்று அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியதும், விழா மேடையில் ஆர்ச்பிஷப் அதை அழைப்பாணையாக அல்லாமல், விரும்புவோருக்கான அழைப்பாகவே மென்மையாகச் சொன்னார். அறிவிப்புக்கும் திருத்தத்துக்கும் இடையே சில நாட்களே. வணங்க விரும்பும் யாரும், ஆணோ பெண்ணோ, தலையைத் தாழ்த்தலாம், முழங்காலை மடக்கலாம், அல்லது கைகுலுக்கலாம் என்று அரண்மனையின் வழிகாட்டுதலைத் திருத்தி எழுதவும் அதற்குமேல் காலம் தேவைப்படாது.