குளித்தவர்களும் குளிப்பாட்டியவர்களும்

தமிழில் குளிப்பது வேறு, குளிப்பாட்டுவது வேறு. கைக்குழந்தையையும் படுத்த படுக்கையாகக் கிடக்கும் நோயாளியையும் குளிப்பாட்டுகிறோம். தானாகக் குளிக்க முடியாத உடலுக்குத்தான் இன்னொருவரின் கை தேவை, அந்தக் கை பெரும்பாலும் பெண்ணின் கை. ஆனால் தானாகக் குளிக்க முடிந்த உடல்களும் காசு கொடுத்துத் தங்களைக் குளிப்பாட்டச் சொன்ன இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்திலுள்ள ஹாட் ஸ்பிரிங்ஸ் தேசியப் பூங்கா அது. அங்கே அருங்காட்சியகமாக நிற்கும் ஃபோர்டைஸ் குளியலகத்தைப் பெண்களாகிய நாம் வாசிக்க, இவ்விரு வினைச்சொற்களே போதுமான கருவி.

தேசியப் பூங்கா என்றதும் காடும் விலங்கும் நினைவுக்கு வரும். இதுவோ ஒரு நகரத்தின் கடைத்தெருவை ஒட்டிக் கிடப்பது. சுமார் 4,400 ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை, பூமிக்குள் மெல்ல இறங்கிச் சூடேறி, பாறைப் பிளவுகள் வழியே விரைந்து மேலேறி, ஏறத்தாழ 62 டிகிரி செல்சியஸ் வெந்நீராக மலையடிவாரத்தில் ஊறுகிறது. இந்த நீருக்காகவே அமெரிக்க அரசு 1832இல் நிலத்தை ஒதுக்கி வைத்தது. 1921இல் அது தேசியப் பூங்காவானது. ஊற்றுகளின் முன்னால் வரிசையாக நிற்கும் எட்டுக் குளியலகங்களும் 1892க்கும் 1923க்கும் இடையில் கட்டப்பட்டவை.

அவற்றில் மிகப் பெரியது ஃபோர்டைஸ். ரயில்பாதைத் தொழிலில் பணம் சேர்த்த சாமுவேல் ஃபோர்டைஸ் கட்டியது. 1915இல் திறந்து, 1962இல் மூடப்பட்டது. பழுதுபார்க்கப்பட்டு 1989இல் பூங்காவின் பார்வையாளர் மையமாக மீண்டும் திறந்தது. பளிங்கும் பித்தளைக் குழாய்களும் பீங்கான் தொட்டிகளும் அன்றிருந்தது போலவே மீட்டெடுக்கப்பட்டிருக்கின்றன. பார்வையாளர்கள் முதலில் வாய்பிளந்து நிற்பது ஆண்களின் குளியல் கூடத்தில்தான். தலைக்கு மேலே வண்ணக் கண்ணாடிக் கூரை. அதில் கடற்கன்னிகளும் மீன்களும். நடுவிலோ ஒரு சிற்பம்: ஸ்பானியப் படையெடுப்பாளன் ஹெர்னாண்டோ டி சோட்டோவுக்குக் காடோ இனப் பெண் ஒருத்தி கையேந்திப் பரிசளிக்கிறாள்.

இந்தக் கூடத்தில் பெண் இல்லாமல் இல்லை. கூரையில் அலங்காரமாக இருக்கிறாள், சிற்பத்தில் கொடுப்பவளாக இருக்கிறாள். குளிக்கும் உரிமையோடு மட்டும் அவள் இல்லை. வெள்ளைக்கார ஆண் தொட்டியில் சாய்ந்தபடி பார்க்க வேண்டிய காட்சியாகவே அவள் செதுக்கப்பட்டாள். சிற்பம் சொல்லும் கதையும் கவனிக்கத்தக்கது. இந்த நிலமும் நீரும் அன்பளிப்பாகக் கிடைத்தவை, அதுவும் ஒரு பெண்ணின் கையால் கிடைத்தவை என்கிறது அது. நிலம் கைமாறியது அப்படியல்ல. 1818இல் குவாபா மக்கள் தங்கள் நிலத்தை அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுக்க வைத்த ஓர் ஒப்பந்தத்தின் வழியாகத்தான் இந்த ஊற்றுகள் அரசிடம் வந்து சேர்ந்தன. அந்த இனத்தின் பெயர் இன்று அதே வரிசையில் இன்னொரு குளியலகத்தின் பெயர்ப்பலகையில் இருக்கிறது. பறிக்கப்பட்டதை வழங்கப்பட்டதாகக் காட்டப் பெண்ணுருவம் எவ்வளவு வசதியாக உதவுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

அதே கட்டடத்தில் பெண்களின் குளியல் கூடம் சிறியது, அலங்காரம் குறைந்தது. வந்த பெண்களின் எண்ணிக்கை குறைவு என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். ஏன் குறைவு என்பதை யோசித்தால் மறுபக்கம் தெரியும். மருத்துவர்கள் எழுதிக்கொடுத்த வழக்கமான சிகிச்சை 21 குளியல்கள், ஏறக்குறைய மூன்று வாரம். வீட்டையும் பிள்ளைகளையும் மூன்று வாரம் விட்டுவிட்டு, வெளியூரில் தங்கி, தன் மூட்டு வலிக்காகத் தினமும் ஒரு மணி நேரம் படுத்திருக்க எத்தனை பெண்களால் முடியும்? அதற்கான பணம் யார் கையில் இருந்தது? கூடத்தின் சதுர அடியைத் தீர்மானித்தது இந்தக் கணக்கும்தான்.

இருந்தாலும் அந்தச் சிறிய கூடத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அமெரிக்கா முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1920இல். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, ஆண்களின் கண் படாமல், யாருக்கும் பணிவிடை செய்யாமல், பெண்கள் தங்கள் உடலின் வலியை மட்டும் கவனித்துக்கொண்டு கிடக்க ஓர் அறை இருந்தது. பெண்ணின் ஓய்வைச் சோம்பல் என்று ஏசும் குடும்பங்களில் வளர்ந்த நமக்கு அதன் அருமை புரியும். அந்த ஓய்வை அவர்களுக்கு ஆக்கிக் கொடுத்தது யார் என்ற கேள்வியும் அங்கிருந்தே தொடங்குகிறது.

குளியலின் வரிசையைப் பாருங்கள். வந்தவளுக்குத் துணி போர்த்தி அழைத்துச் செல்ல வேண்டும். கொதிக்கும் ஊற்றுநீரை உடல் தாங்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து தொட்டியை நிரப்ப வேண்டும். பீர்க்கங்காய் நாரால் முதுகும் கையும் காலும் தேய்க்க வேண்டும், குடிக்க வெந்நீர் கொடுக்க வேண்டும். பிறகு தலை மட்டும் வெளியே தெரியும் நீராவிப் பெட்டி, வலிக்கும் இடங்களில் சூடான துணி ஒத்தடம், நாலாபுறமும் ஊசிபோல் பாயும் ஷவர், கடைசியில் ஆறிப்போகப் படுக்கை. இந்த வரிசையில் குளிப்பவள் செய்வது மிகக் குறைவு. ஏறக்குறைய எல்லா வினைகளும் பணிப்பெண்ணுடையவை. ஒருத்திக்கு முடித்ததும் அடுத்தவள் காத்திருப்பாள். வாடிக்கையாளருக்கு ஒரு மணி நேர நீராவி என்றால் பணிப்பெண்ணுக்கு அது நாள் முழுவதும்.

இந்தப் பணிப்பெண்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். ஆண்கள் பகுதியில் கறுப்பின ஆண்கள். தாங்கள் வேலை செய்த தொட்டிகளில் அவர்கள் வாடிக்கையாளராக இறங்க முடியாது. நிறவெறிச் சட்டங்களும் வழக்கங்களும் அதைத் தடுத்தன. வெள்ளைக்காரப் பெண்ணின் நிர்வாண உடலைத் தொட்டுத் தேய்க்க அந்தக் கை தீட்டில்லை. அதே நீரில் தோயத்தான் தீட்டு. சாதியை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சமையலறை வரை வந்து பாத்திரம் கழுவலாம், அந்தத் தட்டில் சாப்பிடக் கூடாது என்பது நம் வீடுகளிலும் நடக்கும் கணக்குதானே.

கறுப்பின மக்கள் குளிக்கவே முடியாமல் இருந்துவிடவில்லை. மால்வெர்ன் அவென்யூ பகுதியில் தங்களுக்கான இடங்களை உருவாக்கிக்கொண்டார்கள். 1904இல் கிரிஸ்டல் குளியலகம் வந்தது. 1913இன் பெருந்தீயில் அது எரிந்துபோக, பிதியன் குளியலகம் எழுந்தது. பின்னர் உட்மென் ஆஃப் யூனியன் என்ற கறுப்பினச் சங்கம் கட்டிய கட்டடத்தில் குளியலகத்தோடு மருத்துவமனையும் இயங்கியது. அந்த வரிசையின் பளிங்குக் கூடங்களில் அவர்கள் வாடிக்கையாளராக நுழைய முடிந்தது 1960களில். அதற்குள் குளியல் சிகிச்சையின் பொற்காலமே முடிந்து, குளியலகங்கள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கியிருந்தன.

பூங்கா நிர்வாகம் இந்த வரலாற்றை மறைக்கவில்லை. தன் வெளியீடுகளில் எழுதியிருக்கிறது. என் விமர்சனம் மீட்டெடுத்தல் என்ற செயலைப் பற்றியது. கட்டடத்தை அன்றிருந்தபடி மீட்டெடுக்கும்போது, அன்று யாருடைய கண்ணுக்காக அது கட்டப்பட்டதோ அந்தப் பார்வையும் சேர்ந்தே மீள்கிறது. பார்வையாளர் இன்றும் வாடிக்கையாளரின் வழியிலேயே நடக்கிறார்: முன்வாசல், உடைமாற்றும் அறை, தொட்டி, ஓய்வறை. தொட்டியைப் பார்க்கும்போது அதில் சாய்ந்து கிடக்கும் தன் உடலைக் கற்பனை செய்வது எளிது. அதன் அருகே குனிந்து நின்ற முதுகைக் கற்பனை செய்ய அந்த அறை உதவுவதில்லை. பீங்கான் தொட்டி நூறாண்டு நிற்கும்; தேய்த்த கையின் உழைப்பு ஒவ்வொரு குளியலோடும் வடிந்துவிடும். பராமரிப்பு உழைப்பு முழுவதற்கும் பொருந்தும் சிக்கல் இது. நன்றாகச் செய்யப்பட்டால் அது தடயம் விடாது, தடயம் விடாததை அருங்காட்சியகம் கண்ணாடிக்குள் வைக்க முடியாது.

இன்றும் அங்கே குளிக்கலாம். 1912இல் திறந்த பக்ஸ்டாஃப் குளியலகத்தில் பணியாளர் துணையோடு பழைய முறைக் குளியல் தொடர்கிறது. குவாபாவில் ஆணும் பெண்ணும் ஒன்றாக இறங்கும் வெந்நீர்க் குளங்கள். இன்னொரு குளியலகத்தில் ஊற்றுநீரில் பீர் தயாராகிறது. போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பெண்களுக்கு ஓய்வு வேண்டும், வெந்நீரும் வேண்டும். போகிற மாணவி ஃபோர்டைஸின் கூடங்களை இரண்டு முறை சுற்றிவரலாம். முதல் முறை குளிக்க வந்தவளாக. இரண்டாம் முறை வேலைக்கு வந்தவளாக: எந்த வாசலால் உள்ளே வருவாள், எங்கே உட்காருவாள், ஈரத்துணியை எங்கே உலர்த்துவாள், வேலை முடிந்த பிறகு தன் உடம்பைக் கழுவ எந்தத் தெருவுக்கு நடப்பாள்?