பாட்டிக்குத் தெரிய வேண்டாம்

லுலு வாங் இயக்கி 2019இல் வந்த 'த ஃபேர்வெல்' படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு வசனத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: சீனாவின் சாங்சுன் நகரத்தில் இருக்கும் பாட்டிக்கு நுரையீரல் புற்றுநோய், முற்றிவிட்டது. குடும்பம் அதை அவரிடம் மறைக்கிறது. எல்லாரும் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பதற்காகப் பேரன் ஒருவனுக்கு அவசர அவசரமாகக் கல்யாணம் ஏற்பாடு செய்து, அந்தச் சாக்கில் ஊர் வந்து சேர்கிறார்கள். சின்ன வயதிலேயே அமெரிக்கா போய்விட்ட பேத்தி பில்லியால் இந்தப் பொய்யைச் சகிக்க முடியவில்லை. (சீனத்தில் பாட்டியைக் கூப்பிடும் சொல் தமிழ்க் காதுக்குக் கொஞ்சம் சங்கடமானது. பாட்டி என்றே வைத்துக்கொள்வோம்.)

அவளிடம் அப்பாவின் சகோதரர் ஹைபின் விளக்குகிறார்: மேற்கில் ஒருவருடைய உயிர் அவருக்கு மட்டும் சொந்தம், கிழக்கில் அது குடும்பத்தின் ஒரு பகுதி, அந்தப் பாரத்தைப் பாட்டிக்குப் பதிலாக நாம் சுமக்கிறோம். உடனே விமர்சகர்களுக்குக் கட்டுரை கிடைத்துவிட்டது. தனிமனிதன் எதிர் கூட்டம், மேற்கு எதிர் கிழக்கு.

எனக்கென்னவோ, படத்திலேயே நம்பக் கூடாத வசனம் அதுதான் என்று தோன்றுகிறது. சொல்கிறவர் யார்? பல வருடங்களாக ஜப்பானில் குடியிருப்பவர். பாரத்தைச் சுமப்பதாகச் சொன்ன அதே மனிதர்தான் கல்யாண மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேச முடியாமல் குலுங்கிக் குலுங்கி அழுகிறார். துக்கத்தை நேரே சொல்ல முடியாதவருக்குப் 'பண்பாடு' என்ற சொல் ஒரு வசதி. சாப்பாட்டு மேசைக் காட்சியையும் பாருங்கள். சீனாவில்தான் இப்போது காசு கொட்டுகிறது என்று பெருமை பேசும் உறவுக்காரப் பெண், தன் பையனை மட்டும் அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பப் பார்க்கிறார். அப்புறம் ஏன் அனுப்புகிறாய் என்று பில்லியின் அம்மா மடக்குகிறார். கிழக்கு, மேற்கு எல்லாம் அங்கே கோழிக்கறியோடு சேர்ந்து மெல்லப்படுகிறது.

நோயாளியிடம் உண்மையைச் சொல்வது மேற்கின் ஆதி குணமும் அல்ல. 1961இல் டொனால்ட் ஓகன் சிகாகோ மருத்துவர்களிடம் கேட்டபோது, சுமார் 90 சதவீதம் பேர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்வதில்லை என்றார்கள். 1979இல் கிட்டத்தட்ட அதே கேள்வியை வேறு அமெரிக்க மருத்துவர்களிடம் கேட்டபோது 97 சதவீதம் பேர் சொல்வோம் என்றார்கள். நடுவே 18 வருடங்கள்தான். நோயாளியின் உரிமை பற்றிய பேச்சு வலுத்தது, சிகிச்சைகள் மேம்பட்டன, வழக்கமும் மாறிவிட்டது. பில்லி தன் மனசாட்சி என்று நினைப்பது, அவளுடைய அம்மாவைவிடப் பெரிதாக வயதாகாத ஒரு வழக்கம்.

படம் எங்கே உண்மையிலேயே கூர்மையாகிறது என்றால், ஆஸ்பத்திரிக் காட்சியில். இங்கிலாந்தில் படித்த இளம் மருத்துவரோடு பில்லி ஆங்கிலத்தில் பேசுகிறாள். பாட்டி பக்கத்திலேயே இருக்கிறார். ஒரு வார்த்தை புரியவில்லை. அவர் கவலையெல்லாம் இந்தப் பையனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, நம் பேத்திக்கு ஒத்து வருவானா என்பதில். பொய்யை எதிர்க்கிற பில்லிதான் அந்த நிமிஷம் ஆங்கிலத்தைத் திரையாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இரண்டு மொழி தெரிந்தவள் பாலமாக இருப்பாள் என்று நாம் எதிர்பார்ப்போம். இங்கே அவள் சுவராக இருக்கிறாள். ஆரம்பத் தொலைபேசி உரையாடலிலேயே இது தெரிந்துவிடுகிறது. பாட்டி ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டு தங்கை வீட்டில் இருக்கிறேன் என்கிறார். பேத்தி, தலையில் தொப்பி இல்லாமலே, போட்டிருக்கேன் பாட்டி என்கிறாள். நம் வீடுகளிலும் 'சாப்டியா?' என்ற கேள்விக்கு வருகிற பதில்களில் எத்தனை நிஜம்?

படத்தில் எனக்கு ஒரு பெரிய மனத்தாங்கல் உண்டு. கல்யாணப் பெண் ஐகோ ஜப்பானியப் பெண், சீனம் தெரியாது. இரண்டு பண்பாடுகளுக்கு நடுவே இத்தனை நுணுக்கமாக நடமாடும் படம், மூன்றாவதாக வந்தவளைச் சிரிப்புக்கான பொம்மையாக நிறுத்திவிடுகிறது. தான் எதற்காக மாலையும் கழுத்துமாக நிற்கிறோம் என்று அவள் என்ன நினைத்தாள்? பில்லியும் கேட்கவில்லை, இயக்குநரும் கேட்கவில்லை.

தலைப்பு விஷயம் சுவாரசியமானது. ஆங்கிலத்தில் அது விடைபெறல். சீனத்தில் 'அவளிடம் சொல்லாதே'. ஒன்று வெளியே நின்று பார்ப்பவருக்கு, இன்னொன்று வீட்டுக்குள் நிற்பவருக்கு இடப்படும் கட்டளை. இந்தக் கதை இயக்குநரின் சொந்தக் குடும்பத்தில் நடந்தது. படப்பிடிப்பும் சாங்சுன்னில்தான். பாட்டியின் தங்கையாக நடித்த லு ஹாங், நிஜத்திலும் அந்தப் பாட்டியின் தங்கை, மறைத்தவர்களில் ஒருவர். படப்பிடிப்பைப் பார்க்க வந்த நிஜப் பாட்டியிடம், படம் எதைப் பற்றியது என்று அப்போதும் யாரும் சொல்லவில்லை.