ஒரே வண்டி, இரண்டு ஹேண்டில்பார்: கான்டினென்டல் ஜிடி பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

ராயல் என்ஃபீல்டு 2018 நவம்பரில் இரண்டு வண்டிகளை ஒன்றாக இறக்கியது: இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜிடி 650. இரண்டிலும் அதே 648 சிசி இன்ஜின், அதே 47 பிஎஸ், ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் வடிவமைத்த அதே சட்டகம். டேங்கும் சீட்டும் வேறு. ஆனால் ஓட்டுகிறவரின் உடம்புக்குத் தெரியும் பெரிய வித்தியாசங்கள் இரண்டுதான். கை எங்கே போகிறது, கால் எங்கே இருக்கிறது.

இன்டர்செப்டரில் அகலமான ஒற்றைக் குழாய் ஹேண்டில்பார். ஜிடியில் இடது வலது தனித்தனியாக, தாழ்வாக, கிளிப்-ஆன். கூடவே ஃபுட்ரெஸ்ட்டும் பின்னால் தள்ளி, கொஞ்சம் மேலே ஏறியிருக்கும்.

ஜிடி வாங்குபவர்களில் ஒரு சாரார் கொஞ்ச நாளிலேயே அந்தக் கிளிப்-ஆனைக் கழற்றிவிட்டு இன்டர்செப்டரின் ஹேண்டில்பாரை மாட்டிக்கொள்கிறார்கள். "மணிக்கட்டு வலிக்குது, அவ்ளோதான்" என்பார்கள். விஷயம் அவ்வளவுதானா என்று பார்ப்போம்.

முதலில் மாற்றியது யார்?

1950, 60களின் இங்கிலாந்து. லண்டன் நார்த் சர்க்குலர் சாலையில் ஏஸ் கஃபே. அங்கே கூடிய இளைஞர்களுக்கு ஒரு கனவு: மணிக்கு 100 மைல், அதாவது சுமார் 160 கிலோமீட்டர். கையில் காசு குறைவு, கம்பெனி வண்டியோ உயரமான ஹேண்டில்பாரோடு வரும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, பந்தய வண்டிகளில் இருப்பதுபோல ஃபோர்க் குழாயிலேயே கவ்விக்கொள்ளும் கிளிப்-ஆனை மாட்டினார்கள். உடம்பு தாழ்ந்தது, காற்றின் தடை குறைந்தது.

1961-இல் பிரிட்டனில் கற்றுக்குட்டி ஓட்டுநர்களுக்கு 250 சிசி உச்சவரம்பு வந்தது. ரெட்டிச்சில் இருந்த ராயல் என்ஃபீல்டு இதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. பையன்கள் வீட்டுக் கொட்டகையில் செய்வதைத் தொழிற்சாலையிலேயே செய்து, 60களின் நடுவில் 250 சிசி கான்டினென்டல் ஜிடியாக விற்றது. கிளிப்-ஆன், சிவப்பு டேங்க், பின்தள்ளிய ஃபுட்ரெஸ்ட் எல்லாம் ரெடிமேடாகவே கிடைத்தன.

அரை நூற்றாண்டு கழித்து, அதே பெயரில் சென்னைக்குப் பக்கத்து ஆலையிலிருந்து வரும் வண்டியின் கிளிப்-ஆனை வாங்கியவரே கழற்றுகிறார். அன்று ரசிகர்கள் தாழ்த்தினார்கள், கம்பெனி பின்தொடர்ந்தது. இன்று கம்பெனி தாழ்த்துகிறது, ரசிகர்கள் உயர்த்துகிறார்கள். இடையில் எது மாறியது? என் பதில்: வேகம்.

காற்று என்னும் தலையணை

காற்றின் விசை வேகத்தின் இருமடிப்படி கூடும். ஓட்டுகிறவரின் மார்பு, தோள் பரப்பை 0.35 சதுர மீட்டர் என்று வைத்து ஒரு தோராயக் கணக்குப் போட்டேன். 40 கிமீ வேகத்தில் காற்று நம்மைப் பின்னால் தள்ளுவது இரண்டரைக் கிலோ எடைக்குச் சமம். 100 கிமீயில் 16 கிலோ. 160 கிமீயில் 40 கிலோவுக்கு மேல். குனியும்போது பரப்பு குறையும், எண்களும் குறையும். ஆனால் விகிதம் மாறாது.

முன்னால் சாய்ந்த உடம்பின் பாரத்தை யாராவது தாங்க வேண்டும் அல்லவா? 100 கிமீக்கு மேல் காற்று தாங்கும், கை லேசாக இருக்கும். 30 கிமீயில் காற்று உதவாது, மணிக்கட்டுதான் தாங்கும். ஏஸ் கஃபே பையனுக்குக் காற்று தலையணை. கத்திபாரா நெரிசலில் நிற்பவருக்கு அந்தத் தலையணை கிடையாது.

அதனால்தான் ஜிடியைப் பற்றிப் பேசுகிறவர்கள் தாராளமாகப் பயன்படுத்தும் "ஸ்போர்ட்டி" என்ற சொல் மீது எனக்குப் புகார் உண்டு. எந்த வேகத்தில் ஸ்போர்ட்டி என்று அது சொல்வதில்லை. ஷோரூமில் பத்து நிமிட டெஸ்ட் ரைடில் சாய்வு சுகமாகவே இருக்கும். வலியின் விலாசம் நாற்பதாவது நிமிடத்தில்தான் தெரியும். அதற்குள் வண்டி நம் பெயரில் பதிவாகியிருக்கும்!

ஒன்றை மட்டும் மாற்றினால்

கை, இடுப்பு, கால் மூன்றும் சேர்ந்து ஒரு முக்கோணம். கம்பெனி ஜிடியை உருவாக்கும்போது கையைத் தாழ்த்தியதோடு நிற்கவில்லை, காலையும் பின்னால் தள்ளியது. அதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. உடம்பு முன்னால் போனால் பாதமும் பின்னால் போய்ச் சமன் செய்ய வேண்டும்.

ஹேண்டில்பாரை மட்டும் உயர்த்துகிறவர் இந்த முக்கோணத்தின் ஒரு முனையை மட்டும் நகர்த்துகிறார். முதுகு நிமிரும், முழங்கால் மடிந்தே இருக்கும். மணிக்கட்டில் இருந்த பாரம் இடுப்புக்கும் சீட்டுக்கும் இறங்கும். சிலருக்கு இது பரவாயில்லை. சிலருக்கு வலி இடம் மாறியது மட்டும்தான் மிச்சம்.

லாபமும் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. திருப்புவிசை என்பது கை கொடுக்கும் விசையையும் நடுவிலிருந்து பிடி இருக்கும் தூரத்தையும் பெருக்கினால் வருவது. பிடி 33 செ.மீ தள்ளி இருப்பதை 38 செ.மீ ஆக்கினால், அதே திருப்பலுக்கு 13 சதவீதம் குறைந்த விசை போதும். மெதுவான நகர ஓட்டத்தில் இது கைக்கு நன்றாகவே தெரியும். ஆனால் ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே நுழையும்போது அதே அகலம் தொல்லை.

சும்மா ரெண்டு போல்ட் இல்லீங்க

ஜிடியில் ஒற்றைக் குழாய் ஹேண்டில்பாரைப் பிடிக்க மேல்தட்டில் கிளாம்ப் கிடையாது. அந்தத் தட்டையே மாற்ற வேண்டும். பிடி உயர்ந்து விலகும்போது ஆக்ஸிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், பிரேக் ஹோஸ், சுவிட்ச் ஒயர் எல்லாம் கூடவே வர வேண்டும். நீளம் போதாவிட்டால் இழுபடும்.

மெக்கானிக்கிடமிருந்து வண்டியை வாங்கும் முன் ஒரு சோதனை. வண்டியை நியூட்ரலில் ஐட்லிங்கில் விட்டு, ஹேண்டிலை இடது கோடி, வலது கோடி இரண்டுக்கும் திருப்புங்கள். ஆர்பிஎம் ஏறினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். யூ-டர்னில் வண்டி தானாகப் பாயும். அதே திருப்பலில் பிரேக் ஹோஸ் விறைக்கிறதா, விரல் டேங்கில் இடிக்கிறதா என்றும் பாருங்கள். இதில் ஒன்று தேறாவிட்டாலும் வண்டியை ரோட்டில் இறக்கக் கூடாது.

என் தீர்ப்பு

ஜிடியின் கிளிப்-ஆன் மோசமான வடிவமைப்பு அல்ல. காலி நெடுஞ்சாலைக்கு அது சரியான விடை, அதன் சாய்வும் மிதமானதுதான். குறை, ஒரு வேகத்துக்கான விடையை ஒரு தோற்றமாக விற்பதில் இருக்கிறது. பிடியையும் ஃபுட்ரெஸ்ட்டையும் ஓரிரண்டு நிலைகளில் நகர்த்திக்கொள்ளும் வசதியைக் கொடுத்திருந்தால் பாதிப் பேர் ஸ்பானரை எடுத்திருக்க மாட்டார்கள்.

இன்னும் வாங்காதவர்களுக்கு ஒரே கேள்வி. உங்கள் வாரத்தில் எத்தனை மணி நேரம் 80 கிமீக்கு மேல் போகிறீர்கள்? விடை "ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும்" என்றால், பேசாமல் இன்டர்செப்டரையே எடுத்துவிடுங்கள். அதன் ஹேண்டில்பார் ஏற்கெனவே சரியான இடத்தில்தான் இருக்கிறது, காலும்தான்.