கல்வியியற் காவியமும் வழிதவறிய இளைஞரும்

இளங்குற்றவாளிகள் பற்றிய படைப்புக்கள் பெரும்பாலும் இருவகைப்படுவன. குற்றத்துக்கு இரங்குவன ஒருவகை. தண்டனையை நியாயப்படுத்துவன மற்றொருவகை. அன்ரன் மக்கரென்கோ 1933க்கும் 1935க்கும் இடையில் மூன்று பாகங்களாக வெளியிட்ட ‘கல்வியியற் காவியம்’ என்னும் நாவல் இவ்விரண்டுள்ளும் அடங்காதது. வழிதவறிய இளைஞன் எவ்வாறு பொறுப்புள்ள மனிதனாகிறான் என்பதே அதன் வினா.

உலகப் போர், உள்நாட்டுப் போர், 1921–22ஆம் ஆண்டுகளின் பஞ்சம் ஆகியன பெற்றோரற்ற எண்ணிறந்த சிறுவரை வீதியில் விட்டன. அவர்களுக்கென உக்ரேனின் பொல்தாவா நகருக்கருகே 1920இல் தொடங்கப்பெற்று, பின்னர் மாக்சிம் கோர்க்கியின் பெயரைத் தாங்கிய குடியிருப்பே நாவலின் களம். அதன் தலைவராகப் பணியாற்றியவர் ஆசிரியரே. களவு பிறவிக் குணமன்று, சமூகச் சிதைவின் விளைவு என்பதைப் போதனையாகவன்றி நிகழ்ச்சிகளின் வாயிலாக அவர் உணர்த்துகிறார்.

இந்நாவலைக் கட்டுப்பாட்டின் புகழுரையாகக் கொள்வாருமுளர். விறகு வெட்ட மறுத்துப் பேசிய சடோரவ் என்பவனை ஆசிரியர் அறைந்துவிடும் தொடக்க நிகழ்ச்சியையே அவர்கள் எடுத்துக்காட்டுவர். ஆயின் அவ்வறையை ஆசிரியர் தம் செயலற்ற நிலையின் வெளிப்பாடாகவே சித்திரிக்கிறார், வழிமுறையாக விதந்துரைக்கவில்லை. நாவலின் உயிர்நிலை வேறோரிடத்தில் உள்ளது. சிறையிலிருந்து அழைத்துவரப்பட்ட கரபானவ் என்னும் இளைஞனிடம், குடியிருப்புக்குரிய பெருந்தொகைப் பணத்தைத் தனியே சென்று பெற்றுவரும் பொறுப்பு ஒப்படைக்கப்படுகிறது. அவன் அதனைக் குறைவின்றிக் கொணர்கிறான். தன்னை ஒருவர் நம்புகிறார் என்ற உணர்வே அவனை மாற்றுகிறது. புதியவர்களின் பழைய குற்ற வரலாற்றை ஆராயாது விடும் வழக்கமும் இந்நோக்கின்பாற்பட்டதே.

நம்பிக்கை மட்டும் போதியதன்று என்பதையும் மக்கரென்கோ அறிந்திருந்தார். வயலும் பட்டறையும் நாடக மேடையும் அவர்களுக்குப் பொறுப்பைக் கற்பித்தன. தொழிலாளர் கல்விக் கூடங்கள் வெளியுலகின் வாயிலைத் திறந்தன. சடோரவ் பொறியியலாளனாகிறான்; கரபானவ் தானும் இத்தகைய இளைஞரின் ஆசிரியனாகிறான். சீர்திருத்தம் என்பது குற்றத்தினின்று விலக்குவதோடு முடிவதன்று, செல்வதற்கோர் இடத்தையும் காட்டுவது என்ற உண்மை ஈண்டு நிலைநாட்டப்படுகிறது.

எனினும் ஒரு குறையைச் சுட்டாதிருத்தல் இயலாது. தான் விரும்பிய பெண் தன்னோடு வர மறுத்தமையால் சோபொத் என்னும் இளைஞன் தற்கொலை செய்துகொள்கிறான். தோழர்கள் அதனைப் பெரிதும் கண்டனத்தோடேயே நோக்குகின்றனர். நாவலும் விரைவில் அவனைக் கடந்து செல்கிறது. கூட்டு வாழ்வோடு இயைந்தவனுக்கு அனைத்தையும் அளித்த அக்குடியிருப்பு, தன் துயரோடு தனித்து நின்றவனுக்குச் சொல்ல எதுவுமின்றி நிற்கிறது. அம்மரணத்தை மறையாது பதிந்தமை ஆசிரியரின் நேர்மை. அதனிடத்துத் தரித்து நில்லாமை அவருடைய தத்துவத்தின் எல்லை.

இன்றைய வாசகர் இவ்வெல்லையையும் மனங்கொண்டே நூலைப் பயிலல் வேண்டும். வெற்றி பெற்ற இளைஞரின் தொகையால் மட்டும் ஒரு நிறுவனத்தை அளவிடலாகாது. அதன் அணியில் இணைய இயலாதவனுக்கு அது என்ன செய்தது என்பதும் அளவுகோலாதல் வேண்டும். அவ்வினாவுக்கு ‘கல்வியியற் காவியம்’ விடை தரவில்லை. எனினும் அதனை நாம் எழுப்புவதற்கான ஆதாரத்தைத் தானே தந்து நிற்பது அந்நாவலின் தனிச்சிறப்பு.