ஒரே கம்பெனி, இரண்டு கரைகள்

திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில் 1613-ல் கெல்டிரியா கோட்டையை எழுப்பிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை, 1641-ல் ஜப்பானிய ஆட்சி நாகசாகித் துறைமுகத்தின் தெஜிமா என்ற செயற்கைத் தீவில் அடைத்துவைத்தது. அந்தத் தீவிலிருந்துதான் ஜப்பானில் ‘ரங்ககு’ எனப்பட்ட டச்சுக் கல்வி பிறந்தது. பழவேற்காட்டில் அப்படியொன்று ஏன் முளைக்கவில்லை?

ரங்ககுவின் பலம் அதன் பிடிவாதம். 1720-ல் ஜப்பானை ஆண்ட ஷோகன் யோஷிமுனே அயல்நூல் தடையைத் தளர்த்தினார். 1771-ல் சுகிதா கென்பாகு, மயேனோ ரியோதகு என்ற இரு மருத்துவர்கள், டச்சு உடற்கூற்று நூலைக் கையில் வைத்துக்கொண்டு, மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட குற்றவாளியின் உடல் அறுக்கப்படுவதைப் பார்த்தார்கள். நூலின் படங்கள் அப்படியே பொருந்தின; தாங்கள் படித்திருந்த சீன மருத்துவம் பொருந்தவில்லை. உதவ நல்ல அகராதிகூட இல்லாத நிலையில் நண்பர்களோடு சேர்ந்து வரிவரியாகப் போராடி அதை மொழிபெயர்த்து, 1774-ல் வெளியிட்டார்கள். சொந்த நம்பிக்கையைக் கண்முன் இருந்த உடலோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்ட அந்த நேர்மை போற்றத்தக்கது.

ஆனால் அந்தக் கல்வி ஆட்சியின் பிடியிலேயே வளர்ந்தது. தெஜிமா மருத்துவர் சீபோல்டுக்கு நாட்டின் வரைபடங்களைக் கொடுத்ததற்காக, அரசு வானியலாளர் தகாஹாஷி ககேயாசு 1828-ல் கைதாகிச் சிறையிலேயே இறந்தார். ஒரே மொழியை நம்பியதும் குறைதான். 1859-ல், வெளிநாட்டு வணிகர்கள் வந்திறங்கிய யோகோஹாமாவுக்குப் போன ரங்ககு மாணவர் ஃபுகுசவா யுகிச்சி, தான் வருந்திக் கற்ற டச்சு அங்கே பயன்படாததைக் கண்டு ஆங்கிலம் கற்கத் தொடங்கினார்.

பழவேற்காட்டில் அறிவு எதிர்த்திசையில் ஓடியது. 1632 முதல் பத்தாண்டுகள் அங்கே பாதிரியாராக இருந்த ஆபிரகாம் ரொஜேரியஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டறிந்து எழுதிய நூல் 1651-ல் லெய்டனில் அச்சானது. கேட்டவர் அவர், சொன்னவர்கள் நாம்.

இதைத் தமிழரின் ஆர்வக்குறைவு என்பது அநியாயம். தெஜிமாவில் கம்பெனி வாடகை கொடுத்து அடங்கியிருந்தது. இங்கே பீரங்கியும் வெடிமருந்து ஆலையும் வைத்துக்கொண்டு துணி வாங்கியது. மனிதர்களை அடிமைகளாக்கிப் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) ஏற்றியது. விஜயநகர அரசோ சிதைந்துகொண்டிருந்தது. கல்வியை ஏற்று நடத்த யோஷிமுனே போல ஒருவர் இங்கே இல்லை.

அந்தக் கல்விக்கு இன்றும் காலம் கடந்துவிடவில்லை. டச்சு ஆவணங்கள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலேயே இருக்கின்றன. பழவேற்காட்டின் கதையை நாமே படித்து எழுத, நம் பல்கலைக்கழகங்கள் வரலாற்று மாணவர்களுக்கு டச்சு மொழி கற்பிக்க வேண்டும்.