'சமச்சீரற்ற' என்ற சொல் எங்கே தவறுகிறது?

ஆறாம் படிவ வேதியியலில் வரும் 'கைரல்' என்ற சொல்லைத் தமிழ்க் கட்டுரைகள் பல 'சமச்சீரற்ற' என்று பெயர்க்கின்றன. அறிவியல் கட்டுரையில் மாணவர் அப்படி எழுதினால் தமிழாசிரியர்களும் 'சரி' போட்டுவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நான்கு வெவ்வேறு தொகுதிகள் இணைந்த கார்பன் அணுவுக்கு அது பொருந்தும். 1874இல் வான்ட் ஹாஃப் சொன்னது அதைத்தான். எல்லாவற்றுக்கும் அதையே ஒட்டவைப்பதுதான் பிழை.

கிள்ளானோ பிரிக்ஃபீல்ட்ஸோ, உங்கள் வகுப்பறைக் காற்றாடியை அண்ணாந்து பாருங்க. மூன்று இறக்கை. 120 பாகை திருப்பினால் பழையபடியே இருக்கும். ஆக, சமச்சீர் இருக்கிறது. ஆனால் இறக்கைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதால், கண்ணாடியில் தெரியும் காற்றாடி எப்படித் திருப்பினாலும் இதனோடு பொருந்தாது. இடக்கை உறை வலக்கைக்குச் சேராத மாதிரி.

38 தங்க அணுக்கள் கொண்ட நானோ கொத்து ஒன்றும் இப்படித்தான். உள்ளே 23 அணுக்களாலான கரு. அதில் இடம் வலம் என்ற பேச்சே இல்லை. அதன்மேல் கந்தகமும் தங்கமும் மாறிமாறிக் கோத்த கொக்கிகள் போர்த்தியிருக்கின்றன. நீளமான கொக்கிகள் ஆறு. முனைக்கு மூன்றாக, காற்றாடி இறக்கைபோல் ஒரே பக்கம் சுழன்று நிற்கும். இடம், வலம் வருவது இந்த மேற்பரப்பால்தான். 2012இல் ஜெனீவா ஆய்வாளர்கள் இருவகையையும் தனித்தனியே பிரித்தெடுத்தார்கள். ஆனால் சூடாக்கினால் கொக்கிகள் இடம் மாறி இரண்டும் மறுபடி கலந்துவிடும். மேற்பரப்பு கட்டுக்குள் இல்லையென்றால் பிரித்ததே வீண். இதைப் போய்ச் 'சமச்சீரற்ற கொத்து' என்றால் மாணவர் என்னத்தைப் புரிந்துகொள்வார்?

கெல்வின் பிரபு 'கைரல்' என்ற சொல்லை உருவாக்கியது, 'கை' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து. (அது 'கெய்ர்'. உடனே தமிழ் வேர் என்று கிளம்பிவிடாதீங்க!) 'கைத்தன்மை' என்று எழுதலாம், கைப்புச் சுவையோடு குழம்பும் என்பது ஒரு சங்கடம்தான். இருவகையையும் குறிக்க நம்மிடம் சங்கு தந்த சொற்களே இருக்கின்றன: வலம்புரி, இடம்புரி. விளக்கமே தேவையில்லை.

சென்னை ஐஐடியில் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பின் குழு 2015இல் இத்தகைய கொத்துகளுக்கு 'ஆஸ்பிக்யூல்' என்ற பெயரை முன்மொழிந்தது. கிரேக்கத்தில் 'ஆஸ்பிஸ்' என்றால் கேடயம்; மேற்பரப்பின் வேலையைப் பெயரிலேயே வைத்துவிட்டார்கள். 'கேடய மூலக்கூறு' என்று நாம் தமிழாக்கலாம். அடுத்த கட்டுரைப் பயிற்சியில் 'வலம்புரிக் கேடய மூலக்கூறு' என்று ஒரு மாணவர் எழுதினால், சிவப்பு மையில் அடித்துவிடாதீங்க.