நஞ்சுக்கொடியின் சர்க்கரையும் மலேரியாவும்: நிரூபணம் எதுவரை?

மலேரியா ஓயாத ஆப்பிரிக்கப் பகுதிகளில் வளரும் பெண், இளம் வயதுக்குள் அந்தக் காய்ச்சலைப் பலமுறை கண்டிருப்பாள். உடல் பழகிவிடும், ரத்தத்தில் ஒட்டுண்ணி இருந்தாலும் பெரும்பாலும் படுக்கையில் விழமாட்டாள். அவளே முதன்முறை கருவுறும்போது அந்தப் பாதுகாப்பு கைவிடுகிறது. ஒட்டுண்ணி குடியேறிய சிவப்பணுக்கள் நஞ்சுக்கொடியில் திரள்கின்றன. தாய்க்கு ரத்தசோகை, பிள்ளைக்கு எடைக்குறைவு, சில வேளைகளில் கருவே தங்குவதில்லை. கர்ப்ப காலத்தில் நோய் எதிர்ப்பு தணிவதே காரணம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. அது மட்டுமே காரணமென்றால் ஒவ்வொரு கர்ப்பமும் ஒரே அளவு ஆபத்தாக இருக்க வேண்டும். ஆனால் இரண்டாம், மூன்றாம் கர்ப்பங்களில் பாதிப்பு குறைந்துகொண்டே போகிறது.

இந்தப் புதிருக்கு 1996இல் மிகல் ஃப்ரீட், பேட்ரிக் டஃபி இருவரும் கென்யாவிலிருந்து விடை தந்தார்கள். நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்த நோயுற்ற சிவப்பணுக்கள் காண்ட்ராய்டின் சல்பேட் ஏ என்னும் நீண்ட சர்க்கரைச் சங்கிலியைப் பற்றிக்கொண்டன. கர்ப்பமில்லாதவர்களிடம் எடுத்தவை அநேகமாக வேறு இடங்களைப் பற்றின. கருவுற்றதும் உடலில் புதிதாக ஓர் ஒட்டுமிடம் முளைக்கிறது. அதற்கேற்ற எதிர்ப்பு அந்தப் பெண்ணிடம் இன்னும் இல்லை. பிள்ளை பெறப் பெற அது உருவாகிறது.

அதிலிருந்து ஒரு பெரிய நம்பிக்கை கிளம்பியது: ஒட்டுண்ணிகள் மனித உடலில் நுழைவதும் தங்குவதும் இத்தகைய கூட்டுச் சர்க்கரைகளால்தான், அவற்றை மறைத்தால் நோயைத் தடுக்கலாம் என்பது. இதை அப்படியே ஏற்க முடியாது.

நஞ்சுக்கொடியைப் பொறுத்தவரை சான்று உறுதியானது. சர்க்கரையைப் பற்றும் புரதம் வார்2சிஎஸ்ஏ என்று 2003இல் கோபன்ஹேகன் ஆய்வாளர் அலி சலாந்தியின் குழு காட்டியது. ஒட்டுண்ணியிடம் இந்த வகையில் சுமார் 60 மரபணுக்கள் உண்டு. இந்த ஒன்றைச் சிதைத்ததும் அந்தச் சர்க்கரையில் ஒட்டும் திறன் போய்விட்டது. பல பிள்ளை பெற்ற தாய்மாரின் ஆன்டிபாடிகளும் இந்த ஒட்டுதலைத் தடுக்கின்றன. நோயாளி, மரபணு, எதிர்ப்பு என்ற மூன்று திசைச் சான்றுகளும் ஒரே இடத்தைச் சுட்டுவது மலேரியா ஆய்வில் அரிது.

அங்கேயும் சர்க்கரை மட்டும் போதாது. காண்ட்ராய்டின் சல்பேட் நம் குருத்தெலும்பிலும் தோலிலும் நிறைந்திருப்பது. மூட்டுவலிக்கு மாத்திரையாகவும் விற்கிறார்கள். ஒட்டுண்ணி தேடுவது நஞ்சுக்கொடியில் உள்ள, சல்பேட் குறைவாகச் சேர்ந்த தனி வடிவத்தை. சர்க்கரையின் பெயர் ஒன்றாக இருப்பது பெரிதல்ல, அதன் நுண்ணமைப்பே தீர்மானிக்கிறது.

கல்லீரலில் கதை இன்னும் தளர்கிறது. கொசு செலுத்தும் ஒட்டுண்ணி, கல்லீரலின் ஹெபாரன் சல்பேட்டில் சல்பேட் செறிந்திருப்பதை உணர்ந்தே நகர்வதை நிறுத்தி நுழைவுக்குத் தயாராகிறது என்று 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. அழகான கண்டுபிடிப்பு. ஆனால் உயிரணுவுக்குள் புக அதற்கு சிடி81 போன்ற புரதங்களும் தேவை. சர்க்கரை வந்த இடத்தைச் சொல்கிறது, உள்ளே விடுவது வேறொன்று. உலக சுகாதார நிறுவனம் 2021இலும் 2023இலும் பரிந்துரைத்த ஆர்டிஎஸ்,எஸ், ஆர்21 தடுப்பூசிகள் ஹெபாரன் சல்பேட்டைத் தொடும் ஒட்டுண்ணிப் புரதத்திலிருந்து எடுத்தவைதான். ஆயினும் அவை எழுப்பும் ஆன்டிபாடிகளின் முக்கிய இலக்கு அதில் திரும்பத் திரும்ப வரும் அமினோ அமில வரிசை. ஆகவே இவ்விரு தடுப்பூசிகளின் வெற்றியைச் சர்க்கரைக் கோட்பாட்டின் கணக்கில் எழுதக் கூடாது.

சிவப்பணுவில் நம்பிக்கை உடைகிறது. சயாலிக் அமிலம் என்னும் சர்க்கரையைப் பிடித்து நுழையும் சில ஒட்டுண்ணி வகைகள், அதை அகற்றிய அணுக்களில் வளர்த்தால் வேறு வழிக்கு மாறிவிடுகின்றன என்று 2005இல் தெரிந்தது. பரிசோதித்த வகைகளுக்கெல்லாம் தவிர்க்க முடியாத வாயில் என்று 2011இல் தெரியவந்தது பேசிஜின் என்னும் புரதம்தான். மாற்று வழி உள்ள இடத்தில் ஒரு சர்க்கரையை அடைப்பதால் பயனில்லை. ஹெப்பாரினிலிருந்து பிறந்த செவுபாரின் என்னும் மருந்து தாய்லாந்து நோயாளிகளிடம் காட்டிய விளைவும் தற்காலிகமே.

அப்படியானால் நஞ்சுக்கொடித் தடுப்பூசி ஏன் இன்னும் கைக்கு வரவில்லை? பாம்வாக் என்னும் தடுப்பூசி ஜெர்மனியிலும் பெனினிலும், பிரிம்வாக் என்பது பிரான்சிலும் புர்கினா ஃபாசோவிலும் முதல்கட்டச் சோதனை கண்டன; முடிவுகள் 2019, 2020 ஆண்டுகளில் வெளியாயின. பாதுகாப்பில் குறையில்லை, ஆன்டிபாடிகளும் எழுந்தன. ஆனால் அவை தடுப்பூசிக்கு எடுத்த வகையை நன்றாக அடையாளம் கண்டன. பிற வகைகளை அவ்வளவாக அடையாளம் காணவில்லை. இதைக் கோட்பாட்டின் தோல்வி என்று படிப்பது அவசரம். இரண்டு தடுப்பூசிகளும் வார்2சிஎஸ்ஏ என்னும் அந்தப் பெரும் புரதத்தின் துண்டுகளைத்தான் பயன்படுத்தின. 2021இல் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டிய வடிவத்திலோ, பல பகுதிகள் சேர்ந்து மடிந்து உருவாகும் துளைகளின் வழியே சர்க்கரைச் சங்கிலி ஊடுருவிச் செல்கிறது. துண்டில் அந்த முழு மடிப்பு இல்லை. இதற்கு எதிர்வாதமும் உண்டு, அதை ஒதுக்க மாட்டேன்: தாய்மாரின் பரந்த பாதுகாப்பு, பல வகை ஒட்டுண்ணிகளைச் சந்தித்துச் சேர்ந்த பல ஆன்டிபாடிகளின் கூட்டாகவும் இருக்கலாம். அப்படியெனில் முழுப் புரதமும் தனியாகப் போதாது. பல வகைகளை ஒரே ஊசியில் சேர்க்க வேண்டியிருக்கும்.

என் தீர்ப்பு இது. கூட்டுச் சர்க்கரைகளே மலேரியாவின் பொதுவான பலவீனம் என்ற வாதம் நிற்கவில்லை. சர்க்கரையை மருந்தால் மறைக்கும் வழிக்கு இதுவரை வலுவான ஆதாரமும் இல்லை. நஞ்சுக்கொடி மட்டும் விதிவிலக்கு. அங்கே ஒட்டுண்ணி ஒரே புரதத்தை நம்பியிருக்கிறது. தாய்மாரின் உடல் அதைத் தடுக்கவும் கற்றுக்கொள்கிறது. ஆய்வுப் பணம் போக வேண்டியது அந்தப் புரதத்தின் முழு மடிப்புக்கும் அதன் வகைகளுக்கும். வரும் தடுப்பூசியை முதல் கர்ப்பத்துக்கு முன்பே, வளரிளம் பெண்களுக்குப் போட வேண்டும். சோதனைகளும் அந்த வயதை மனத்தில் வைத்தே திட்டமிடப்பட வேண்டும்.